வார்டரக்காவின் வயிற்றெரிச்சல்

பெண்கள் சிறையில் வார்டராகப் பத்தொன்பது வருஷம் சாவிக்கொத்தோடு நடந்தவள், நாற்பத்து நாலாவது வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள். அறிவுத் தாகம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பட்டம் இருந்தால்தான் இனி உதவி அதிகாரி ஆகலாம் என்று துறையில் உத்தரவு வந்துவிட்டது. அவளுக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, கையில் பட்டம் இருந்த ஒரே காரணத்தால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததோடு விட்டாளா? தினமும் காலையில் இவளையே கூப்பிட்டு, "என்னக்கா, எண்ணிக்கை சரியா இருக்கா?" என்று கேட்டாள். அந்த "அக்கா" இவள் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது.

பொறாமை அவளுக்குப் புது விருந்தாளி இல்லை. வீட்டோடு இருக்கிற சொந்தம். எதிர்வீட்டு ஜன்னலில் புதுத் திரை தொங்கினால் இவள் தன் வீட்டு ஜன்னலோடு நாலு நாள் பேசமாட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சிரித்த முகம், யார் எந்த மாடிக்குப் போனாலும் கவலைப்படாத மனுஷர். "உன் வயிறு எரியுற எரிச்சலுக்கு நாம கேஸ் அடுப்பே வாங்கியிருக்க வேண்டாம்" என்பார். ஒரே மகள் நர்ஸிங் பயிற்சியில் இருந்தாள். அவளும் அப்பா கட்சி.

வார்டர் சேர்ந்தது மாலை வகுப்பு. சமூகவியலும் குற்றவியல் நீதியும் சேர்ந்த மூன்று வருஷப் படிப்பு. தெரிந்த தொழில்தானே, கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு முதல் வருஷம் தப்பவில்லை. வகுப்பில் முப்பது பேர். பாதிக்கு மேல் இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகள். பேராசிரியர் ஒல்லியான மனிதர். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தால் அவருடைய பை எப்போதும் வெள்ளையாக இருக்கும். அவர் "சிறை" என்ற சொல்லை உச்சரித்தால் போதும், முப்பது தலையும் ஒரே நேரத்தில் இவள் பக்கம் திரும்பும்.

"உங்க அனுபவத்தில இது எப்படிங்க?" என்று அவரும் கேட்பார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொள்வாள். சோப்புக்குள் ஊசியை ஒளித்து வைத்திருந்தவள் கதை, காலை எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்து சிறையே அல்லோலகல்லோலப்பட்டபோது அந்தத் தலை துணிமூட்டைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கதை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேன்டீனில் அவளுக்கென்று ஜன்னலோர நாற்காலி காலியாக இருக்கும். "வார்டரக்கா, இங்க வாங்க" என்று நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். மதிப்பெண் ஐம்பதைச் சுற்றியே நொண்டியது. அதை யார் பார்த்தார்கள்? "அம்மா இப்பல்லாம் நடக்கல, மிதக்குறா" என்றாள் மகள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படக்கூடும் என்று அவளுக்குத் தோன்றிய வருஷம் அது.

இரண்டாம் வருஷம் முதல் நாள். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவோரம் ஒரு குரல்.

"உள்ள வரலாமா சார்?"

வார்டருக்கு நிமிர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஏழு வருஷம் தினமும் காலையில் "ஆஜர் மேடம்" என்று சொன்ன குரல் அது. உள்ளே வந்தவளைச் சிறையில் தையல்காரி என்பார்கள். தையல் கூடத்தில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வார்டர்களின் சீருடையைக்கூட அவள்தான் வெட்டித் தைத்தாள். இவள் இடுப்பளவு இவளுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். அடித்துத் துரத்திய கணவனின் மரச்சாமான் கிடங்குக்கு அவள் தீ வைத்தாள். உள்ளே காவல்காரர் தூங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்த மனுஷர் பிழைக்கவில்லை. பத்து வருஷத் தண்டனை. நன்னடத்தையால் ஏழாவது வருஷம் நிபந்தனையோடு வெளியே விட்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை சிறை அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊரை விட்டு எங்கே போவதானாலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

"முதல் வருஷத்தை உள்ளேருந்தே தபால்ல முடிச்சவங்க. இனி நம்மகூட" என்றார் பேராசிரியர்.

தையல்காரி வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். வார்டரைக் கண்டதும் கைகள் தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டன, முதுகு நிமிர்ந்தது. "வணக்கம் மேடம்."

"உக்காரு…" என்று தொடங்கிய வார்டரின் நாக்கு சறுக்கியது. "உக்காருங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே வார்டருக்குத் தெரிந்தது தையல்காரியால்தான். அவள் பெயருக்குத் தபாலில் வந்த பல்கலைக்கழகக் கையேட்டைச் சோதனை போடும்போது ஒரு பக்கத்தை இவள் படித்தாள்; பிறகு எல்லாப் பக்கத்தையும் படித்தாள். முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கையேடு போக வேண்டியவள் கைக்கு மறுநாள்தான் போனது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கிடமும் சொன்னதில்லை.

ஒரு மாதத்தில் எல்லாம் தலைகீழானது. பேராசிரியர் "சிறை" என்றால் தலைகள் இப்போது மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. தையல்காரி அதிகம் பேசமாட்டாள். பேசினால் கதை சொல்லமாட்டாள். "அங்க கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது சார். வெளியே வந்து மூணு மாசம், என் வீட்டுக் கதவு முன்னாடியே நின்னுட்டிருப்பேன். யாராவது திறப்பாங்கன்னு" என்றாள் ஒரு நாள். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளே இருந்து பார்த்தவங்க சொல்றது வேற" என்றார்.

வார்டருக்குச் சுருக்கென்றது. 'நான் மட்டும் எங்கே இருந்தேன்? அவ ஏழு வருஷம். நான் இருபது வருஷம். எனக்கு நன்னடத்தைக் கழிவு தந்தது யாரு?' என்று மனசுக்குள் பொருமினாள். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கு அது நல்ல பேச்சாகவே இருந்திருக்கும். சொல்லவில்லை. வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாள். பூட்டுகிற வேலை அவளுக்கு நன்றாக வரும்.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் தையல்காரிக்கு எண்பத்தொன்று. வார்டருக்கு ஐம்பத்திரண்டு. கேன்டீனில் ஜன்னலோர நாற்காலியில் தையல்காரியை உட்கார வைத்திருந்தார்கள். இவளைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"நீங்க உக்காருங்க மேடம்."

எழுந்து நிற்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மரியாதையும் கொடுத்து, இடத்தையும் எடுத்துக்கொண்டால் ஒரு மனுஷி எதைத்தான் குறை சொல்வது?

வீட்டில் தட்டை வைக்கிற சத்தத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது.

"யாரு இன்னைக்கு?" என்றார் கணவர்.

"யாருமில்ல."

"அந்த யாருமில்லாதவங்களுக்கு எவ்வளவு மார்க்?"

"எண்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அம்மா, அந்தத் தையல்காரியா? ஜெயில்லேருந்து வந்தவளைப் பாத்தா நீ பொறாமைப்படுற?"

"பொறாமையா? எனக்கா? அவளப் பாத்தா?" என்று மூன்று கேள்வி கேட்டாள் வார்டர். ஒன்றுக்கும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடக்கமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.

இந்த நிலையில்தான் கருத்தரங்கு வந்தது. ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தில், பல ஊர் மாணவர்கள் கட்டுரை படிக்கப் போகிறார்கள். வகுப்புக்கு ஒரு கட்டுரை. வார்டர் இரண்டு வாரம் மெனக்கெட்டு 'சிறைப் பாதுகாப்பில் வார்டர்களின் பங்கு' என்று இருபது பக்கம் எழுதினாள். பேராசிரியர் வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தகவல் எல்லாம் சரியா இருக்குங்க. ஆனா துறைக்கு அனுப்புற அறிக்கை மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"நானா? நான் எதுக்கு சார் இதுல?"

அவர் சிரித்துக்கொண்டே கட்டுரையைத் திருப்பித் தந்தார். தேர்வானது தையல்காரியின் கட்டுரை. 'பார்வையாளர் அறை' என்று பெயர்; ஒன்பதே பக்கம்.

முழங்கால் வலி காரணமாக அந்தச் சமயத்தில் வார்டருக்கு அலுவலக வேலை கொடுத்திருந்தார்கள். வருகிற தபாலைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, கண்காணிப்பாளர் மேசைக்கு அனுப்ப வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தபால் கட்டில் தையல்காரியின் விண்ணப்பம் இருந்தது. கருத்தரங்குக்காக இரண்டு நாள் வெளியூர் போக அனுமதி வேண்டும். கையெழுத்து அவள் தையல் மாதிரியே பிசிறில்லாமல் இருந்தது.

வார்டர் அதை இரண்டு தடவை படித்தாள். கை பழக்கத்தில் தேதி முத்திரையைக் குத்தியது. பிறகு அதே கை, விண்ணப்பத்தைக் கண்காணிப்பாளர் தட்டில் போடாமல், ஒழுகும் குழாய்களும் உடைந்த தாழ்ப்பாள்களும் பற்றிய பழுதுபார்ப்புக் கோப்புக்குள் சொருகியது. அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. குழாய்கள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்ததே அதற்குச் சாட்சி.

'நான் கிழிக்கலையே. எங்கயோ போட்டேன், அவ்வளவுதான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முதல் நாள் மனசு குறுகுறுத்தது. இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது கோப்பு இருந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நாலாம் நாள் தையல்காரி வகுப்பில் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், என் விண்ணப்பம் ஏதாவது…"

"மேல இருக்கு. மேல எப்பவும் லேட்தான்."

"சரிங்க மேடம்."

அந்த "சரிங்க"வில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் உறுத்தியது. ஆனாலும் எடுத்து அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை கோப்பிலிருந்து எடுத்துக் கண்காணிப்பாளர் தட்டில் அடியில் வைத்தாள். கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான்; ஆனால் அனுமதி என்றால் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், மேலிடத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். அதெல்லாம் முடிய எப்படியும் மூன்று, நாலு நாள். கருத்தரங்கு சனிக்கிழமை. உத்தரவு அடுத்த திங்கட்கிழமை கையெழுத்தாகி வந்தது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் வார்டரை நிறுத்தினார். அவள் கை தானாகப் பையைத் தேடியது. இருபது பக்கத்தையும் பையிலேயே வைத்திருந்தாள்.

"அவங்களுக்கு அனுமதி வரலையாம். நீங்க போறீங்களா?"

"போறேன் சார். கட்டுரை ரெடியா இருக்கு."

"கட்டுரை இதோ இருக்கு" என்று ஒன்பது பக்கத்தை நீட்டினார். "அவங்க எழுதினதை நீங்க படிச்சிடுங்க. அவங்கதான் உங்க பேரச் சொன்னாங்க. எண்ணிக்கை கூப்பிட்டுப் பழகின குரல், கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்னாங்க."

வார்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டேன் என்று சொல்லக் காரணம் ஒன்றும் கைவசம் இல்லை.

ரயிலில் போகும்போதுதான் கட்டுரையைப் பிரித்தாள். படிக்கத் தொடங்கும்போதே தன்னைத் தேடினாள். கெட்டவளாகத்தான் இருப்போம் என்று நினைத்தாள். இரக்கமில்லாத பகல் வார்டர், நேரம் முடிந்ததும் மணியடிக்கிறவள். அப்படியிருந்தால் திரும்பி வந்து ஒரு கை பார்க்கலாம் என்ற தெம்புகூட இருந்தது. பக்கங்கள் புரண்டன. இருபது நிமிஷச் சந்திப்பில் தையல்காரியின் அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி மட்டுமே பேசியது இருந்தது. கம்பி வலையின் சதுரங்களுக்கு நடுவே அம்மாவின் முகத்தை எந்தச் சதுரத்தில் வைத்துப் பார்ப்பது என்ற குழப்பம் இருந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு வார்டர் வந்தாள். இவள் கண் விரிந்தது. அது இவள் இல்லை. 'தும்மல் வார்டர்' என்று எல்லோரும் கூப்பிட்ட, போன வருஷம் ஓய்வு பெற்ற பருமனான பெண். நேரம் முடிந்ததும் மணியடிக்க வேண்டியவள், பையில் கைக்குட்டையைத் தேடுவதுபோல இரண்டு நிமிஷம் தேடிக்கொண்டே இருப்பாளாம். 'அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அம்மா என்னைத் திட்டுவாள். திட்டு வாங்கினால்தான் நான் இன்னும் மகள் என்று நம்பிக்கை வரும்' என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தும்மல்காரியைச் சோம்பேறி என்று இவள் இரண்டு தடவை புகார் சொல்லியிருக்கிறாள்.

மற்ற வார்டர்களுக்கு ஒரே வரி. 'பகலில் இருந்த மற்றவர்களின் முகம் எனக்கு நினைவில்லை. சாவிச் சத்தம் நினைவிருக்கிறது.' அவ்வளவுதான். திட்டுகூட இல்லை.

வார்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கம்பங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரி சிறைக்கு வந்த இரண்டாம் வருஷம், காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்தபோது மருத்துவ அறை வாசலில் வரிசையில் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது யார்? சிறைக் கிடங்குக்காரரிடம் சண்டை போட்டு இன்னொரு போர்வை வாங்கிப் போர்த்தியது யார்? இருபது வருஷத்தில் விதியை மீறி இவள் செய்த நல்லது அது ஒன்றுதான். அதற்கு ஒரு வரி கிடையாதா? தும்மினவளுக்கு அரைப் பக்கம், இவளுக்குச் சாவிச் சத்தமா? அதுவரைக்கும் தையல்காரியின் மதிப்பெண்ணைப் பார்த்து எரிந்தவள், அந்த ரயிலில் உட்கார்ந்து தும்மல்காரியின் கைக்குட்டையைப் பார்த்து எரிந்தாள்.

மேடையில் நன்றாகத்தான் படித்தாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முகம் நினைவில்லை என்ற வரி வந்தபோது தண்ணீர் குடித்தாள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு மாணவி ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இவ்வளவு பட்டதையும் எப்படித் தாங்கினீங்க?"

"நான் எழுதலம்மா. நான் அங்க வார்டர்."

அந்தப் பெண்ணின் பிடி தளர்ந்தது. "ஓ" என்றாள். "எழுதினவங்க ஏன் வரல?"

"அனுமதி லேட்டாயிடுச்சு" என்றாள் வார்டர். அதைச் சொல்லும்போது அவள் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

அடுத்த வாரம் தையல்காரி மாதக் கையெழுத்துப் போடச் சிறை அலுவலகத்துக்கு வந்தாள். வார்டர் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். கூடவே, பயனில்லாமல் வந்து சேர்ந்த அனுமதி உத்தரவையும் அவள் விண்ணப்பத்தையும் கொடுத்தாள். தையல்காரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பவில்லை. விண்ணப்பத்தின் மூலையை விரலால் தடவினாள்.

"மேடம், வரவு முத்திரை திங்கட்கிழமை. கண்காணிப்பாளர் ஐயா பாத்ததுன்னு அவரே எழுதியிருக்கிறது அடுத்த வாரம் புதன்கிழமை. நடுவுல எட்டு நாள் இது யார்கிட்ட இருந்துச்சு?"

வார்டர் பேனாவை மூடினாள். திறந்தாள். மேல இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பக்கம் நின்ற முகத்தில் ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது.

"என்கிட்டதான்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

தையல்காரி தலையாட்டினாள். கோபம் முகத்தில் வரவில்லை. விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "நான் புகார் குடுக்கப் போறேன் மேடம். உங்களுக்குத் தெரியாம குடுக்க மனசு வரல. அதான் சொல்லிட்டுக் குடுக்கறேன்."

"குடு… குடுங்க."

அவள் கதவு வரைக்கும் போனபோது வார்டருக்குப் பொறுக்கவில்லை. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டாள்.

"அந்தக் காய்ச்சல் உனக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டாவது வருஷம். ஆஸ்பத்திரி வரிசையில… போர்வை…"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். "காய்ச்சல் ஞாபகம் இருக்கு. யாரோ பிடிச்சிட்டிருந்தாங்க. தலையைத் தூக்க முடியல, முகம் பாக்கல." கதவிலிருந்து கையை எடுத்தாள். "நீங்களா?"

வார்டர் பதிவேட்டை இழுத்து மூடினாள். தையல்காரியும் அதற்கு மேல் நிற்கவில்லை. புகாரை அன்றைக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஊழியர் சங்கத்து ஆள் ஒருவர், "வேலைப்பளுன்னு எழுதுங்க, தள்ளுபடி ஆயிடும்" என்று வழி சொன்னார். வார்டர் வேலைப்பளு என்று எழுதிப் பார்த்தாள். தாளைக் கசக்கினாள். கடைசியில் நாலே வரி: விண்ணப்பம் வந்தது, நான் வேண்டுமென்றே வைத்திருந்தேன், காரணம் சொந்தக் காழ்ப்பு, என் தவறு. பதவி உயர்வை இரண்டு வருஷம் தள்ளிவைத்து உத்தரவு வந்தது. எந்த நாற்காலிக்காகப் படிக்கப் போனாளோ அந்த நாற்காலி இன்னும் தூரப் போனது.

வீட்டில் கணவர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

"என்னத்தச் சொல்றது? அடுத்தவன் மாடிக்குப் போகக் கூடாதுன்னு லிஃப்டை நிறுத்தினவங்களை நான் பாத்திருக்கேன். உள்ள மாட்டிக்கிறது அவங்களும்தான்." பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

வகுப்புக்கும் விஷயம் எட்டிவிட்டது. யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. "வார்டரக்கா" என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் எந்த நாற்காலியும் அவளுக்காகக் காலியாக இல்லை. அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பன்னைக் கடித்துக்கொண்டு, படிப்பை விட்டுவிடலாம் என்று மூன்று தடவை முடிவெடுத்தாள். மூன்று தடவையும் ஒரே நினைப்பு குறுக்கே வந்து நின்றது: தான் விட்டுவிட்டால் தையல்காரி மட்டும் பட்டம் வாங்கிவிடுவாள். இதை நல்ல குணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூன்றாம் வருஷத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

இறுதி வருஷத்தில் எல்லோரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். வார்டர் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"கைதிங்க எழுதுற விண்ணப்பம் ஒவ்வொண்ணும் எந்த மேசையில எத்தனை நாள் கிடக்குதுன்னு எடுக்கப் போறேன் சார். ஒரு வருஷத்துப் பதிவேடு. அனுமதி வாங்கிட்டேன்."

"உங்க மேசையும் இருக்குமா?"

"அதுலேருந்துதான் ஆரம்பிக்கிறேன்."

பொறுமையான வேலை. மதிய இடைவேளையில் பதிவேட்டைத் திறந்து வந்த தேதி, போன தேதி என்று ஏற்றிக்கொண்டே போவாள். தாய் இறந்ததற்குப் போக அனுமதி கேட்ட ஒரு விண்ணப்பம் இருபத்து மூன்று நாள் கிடந்திருந்தது. அதை வைத்திருந்தவருக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. அவர் வெறுமனே விடுப்பில் போயிருந்தார். அந்த இடத்தில் வார்டர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு தேதிக்கும் நடுவே இருந்த நாளை விரல்விட்டு மறுபடி எண்ணினாள். பிறகு எழுதினாள். தன்னுடைய எட்டு நாளைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினாள்: எந்தக் கோப்பு, எந்த அலமாரி, டீ குடிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள் என்பது வரை.

அதற்கு எழுபத்து நாலு வந்தது. அவள் வாழ்நாளில் வாங்கிய அதிக மதிப்பெண். அறிவிப்புப் பலகையில் தன் எண்ணைப் பார்த்த மறுநொடி அவள் விரல் கீழே இறங்கியது. தையல்காரிக்கு எழுபத்தொன்பது.

"அஞ்சு மார்க்" என்றாள் தன்னையறியாமல்.

"கூடவா, குறைவா மேடம்?" பின்னாலிருந்து தையல்காரி கேட்டாள். அவள் மேல்படிப்புக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கியிருந்தாள். அந்தச் சேதி கேட்ட நாளிலிருந்து வார்டருக்குத் தூக்கம் சரியில்லை. கணவருக்குத் தெரியாமல் அதே மேல்படிப்புக்கு விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

"உங்களைவிடக் குறைவு" என்றாள் வார்டர்.

தையல்காரி சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "உங்க ஆய்வைக் கொஞ்சம் தரீங்களா? நான் இன்னும் பாக்கல. என்னைப் பத்தி எழுதியிருக்கீங்கன்னு சார் சொன்னார். அதை நான் படிக்கணும்ல?"

கேட்டது வேண்டுகோள் இல்லை, அவளுக்கு உரிமையானது. வார்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தையல்காரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். வார்டர் நாலு தப்படி தள்ளி, பஸ் பாஸ் புதுப்பிப்பது பற்றிய அறிவிப்பைக் கருத்தாகப் படிப்பதுபோல நின்றாள். அவளுக்கு பஸ் பாஸே கிடையாது. ஓரக்கண் முழுக்க அந்தப் பென்சில்மேல்தான். அது ஒரு பக்கத்தில் வேகமாக ஓடியது. அடுத்த பக்கத்தில் ஒரு கோடு போட்டது. திருத்தமா, பாராட்டா, இங்கிருந்து தெரியவில்லை. இன்னொரு பக்கம் புரண்டது. பென்சில் நின்றது. தையல்காரி அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

வார்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சை நோக்கிப் போனாள்.